பிறக்காத எண்

மாடியில் யாரோ இருமினார்கள்.

காபிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோன போட்டே அப்படியே நிறுத்தினான். வீட்டில் இருந்தது மூன்று பேர். மூன்று பேரும் இந்தச் சமையலறையில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"பயப்படாதீங்க தம்பி, அது பிரின்டர்," என்றார் ஆஃப்கே. "என் வீட்டுக்காரரோட ஆபீஸ் ரூம்ல இருக்கு. வாரத்துக்கு ஒரு தடவை தானா முழிச்சு, தன்னைச் சுத்தம் பண்ணிக்கிட்டு, திரும்பத் தூங்கிடும். அஞ்சு வருஷமா நான் அதை அணைக்கல."

"நானும் தனியாத்தான் இருக்கேன். வாரத்துக்கு ஒரு தடவை சுத்தம் பண்ணிக்கிறது எனக்கே முடியல," என்றான் போட்டே.

ரென்ஸ்கே அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் தன் பார்வையை பிஸ்கட் டப்பா பக்கம் திருப்பினான். அது ஏற்கெனவே மூடப்பட்டிருந்தது. ஒரு கோப்பைக்கு ஒரு பிஸ்கட். ஓஸ்டர்சைல் கிராமத்தில் துக்க வீட்டில்கூட அந்தச் சட்டம் தளராது.

ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. மணி காலை பதினொன்று. தெரு, எதிர்வீடு, அதற்குப் பின்னால் கடலைத் தடுத்து நிற்கும் பச்சை அணைக்கரை, எல்லாவற்றையும் நவம்பர் மூடுபனி விழுங்கியிருந்தது. விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ரென்ஸ்கே டைக்மா பதினெட்டு வருடம் க்ரோனிங்கன் நகர வரி அலுவலகத்தில் இருந்தவள். மூன்று வருடத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டு, கதவில் 'விசாரணைகள்' என்று ஒரு பலகை மாட்டிக்கொண்டாள். போட்டே அவளிடம் சேர்வதற்கு முன், கடல்நீர் வற்றும் நேரத்தில் வெளிப்படும் சேற்றுவெளியில் சுற்றுலாக்காரர்களை நடத்திக்கொண்டு போகும் வழிகாட்டி. "அப்பவும் சேறு, இப்பவும் சேறு. அப்ப காத்தாவது நல்லா இருந்துச்சு," என்பான்.

"திரும்ப ஒரு தடவை சொல்லுங்க ஆஃப்கே," என்றாள் ரென்ஸ்கே. "வியாழக்கிழமை என்ன நடக்கப்போகுது?"

ஆஃப்கே தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அறுபத்தொரு வயது. இதைப் பலமுறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தவரின் குரல்.

அவருடைய கணவர் மென்னோ, கடலணைகள் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டுத் தருபவர். யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை, தனி ஆள். வாடிக்கையாளர்கள் எல்லாம் எல்லைக்கு அப்பால் இருந்த கம்பெனிகள். 2019 ஜூன் பதினாலாம் தேதி, கடல் வற்றிய நேரத்தில் சேற்றுவெளிக்குள் நடந்து போனார். பனி இறங்கியது. நீர் ஏறியது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

அதுவரை அது விபத்து. அடுத்த பிப்ரவரியில் ஒரு புயலில், எதிர்க்கரை ஜெர்மன் தீவு ஒன்றின் அணை உடைந்தது. மூன்று பேர் இறந்துபோனார்கள். அந்த அணைக்குக் கணக்குப் போட்ட கம்பெனி எம்டனில் இருந்தது. அதை நடத்தியவர் மென்னோவின் பால்ய நண்பர் ஹார்ம். அவர் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். கணக்கை நான் போடவில்லை, மென்னோவிடம் கொடுத்துப் போட்டு வாங்கினேன், இதோ அவன் அனுப்பிய பில் என்றார்.

"அன்னிக்கு ஆரம்பிச்ச பேச்சுதான்," என்றார் ஆஃப்கே. "தப்பாக் கணக்குப் போட்டது அவருக்கே தெரிஞ்சிடுச்சாம். அந்த அவமானத்துல தானாவே கடலுக்குள்ள நடந்துட்டாராம். ரொட்டிக்கடையில நான் நுழைஞ்சா பேச்சு நிக்கும். வியாழக்கிழமை ஜெர்மன் விசாரணைக் குழுவோட அறிக்கை வருது. அதுல அவர் பேர் அச்சாயிடும். எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான் ரென்ஸ்கே. அவரைக் கடல் கொண்டுபோச்சா, இல்ல அவரே என்னை விட்டுட்டுப் போனாரா?"

சுவர் ஆணியில் மென்னோவின் மழைக்கோட்டு தொங்கியது. அதன் பக்கத்தில் ஒரு பித்தளைக் கொம்பு. கோட்டில் தூசி இருந்தது. கொம்பில் இல்லை.

"காலைல கார்ல வரும்போது ஒரு சத்தம் கேட்டுச்சு," என்றான் போட்டே. "மூணு தடவை. மாடு எதுவோ வழிதவறிடுச்சுன்னு நெனச்சேன். நீங்களா?"

"பனி இறங்கினா போய் ஊதுவேன். அன்னிக்கு யாரும் ஊதலியே." ஆஃப்கே கொம்பைப் பார்த்தார். "அது அவரோட கொம்பு. அணைக்கரைப் புல்லுல கிடந்துச்சுன்னு அந்த வருஷக் கடைசியில ஹார்ம்தான் கொண்டுவந்து கொடுத்தார்."

போட்டே ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். அவன் வாய் வேலை செய்யாமல் நின்றதை ரென்ஸ்கே இதற்கு முன் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறாள். ஒருமுறை அவன் பல் பிடுங்கியிருந்தான்.

"அந்த பில்லோட நகல் இருக்கா?" என்று கேட்டாள்.

ஆஃப்கே மேசை மேல் வைத்தார். ஒரே ஒரு தாள். மேலே மென்னோ வில்டெபூர், அணை ஆலோசகர். தேதி 2019 மே இருபது. 'தீவு அணை, மண் பலக் கணக்கு.' எம்டன் கம்பெனியின் பெயர், அதன் வாட் வரிப் பதிவு எண். மென்னோவின் வாட் எண். அடியில் ஒரு வாசகம்: 'வரி செலுத்துவது, பில்லைப் பெறுபவரின் பொறுப்பு.'

ரென்ஸ்கே அதை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு இன்னொரு நிமிடம்.

"பாஸ், அதுல படிக்க அவ்வளவு இல்லியே," என்றான் போட்டே.

"உள்ளூர்ல யாருக்காவது பில் போட்டா இருபத்தோரு சதவீதம் வரி சேர்க்கணும். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கம்பெனிக்குன்னா சேர்க்கக் கூடாது. வாங்குறவங்க அவங்க நாட்டுல பார்த்துப்பாங்க. ஆனா ஒரு நிபந்தனை. பில்லுல ரெண்டு பேரோட வாட் எண்ணும் இருக்கணும். ரெண்டும் உயிரோட இருக்கிற எண்ணா இருக்கணும். யார் வேணும்னாலும் இணையத்துல தட்டிப் பார்த்துக்கலாம், செல்லுமா செல்லாதான்னு." அவள் நிமிர்ந்தாள். "ஆஃப்கே, மென்னோவோட வேற பில் ஏதாவது இருக்கா?"

மாடியிலிருந்து ஒரு கோப்பு வந்தது. ஒவ்வொரு பில்லும் தேதிவாரியாக, ஓட்டை போட்டு, நூல் பிடித்த மாதிரி நேராக. செத்தவரின் ஒழுங்கு செத்த பிறகும் கலையவில்லை. ரென்ஸ்கே ஒரு டென்மார்க் கம்பெனிக்குப் போன பில்லை உருவி, முதல் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இந்த எண்ணைப் படிங்க."

ஆஃப்கே டென்மார்க் பில்லைப் படிக்கக்கூட இல்லை. மனப்பாடமாகச் சொன்னார். "நடுவுல இருக்கிற ஒன்பது இலக்கம் அவரோட குடிமக்கள் எண். ஆஸ்பத்திரி, பேங்க், எல்லா இடத்துலயும் நான்தான் எழுதிக் கொடுப்பேன். கடைசியில பி-01."

"இப்ப ஹார்ம் கொடுத்த பில்லுல இருக்கிறதை."

ஆஃப்கே படித்தார். பாதியில் நின்றார். "இது அவர் எண் இல்ல."

ரென்ஸ்கே கைபேசியை எடுத்தாள். முதலில் பழைய பில்லின் எண்ணைத் தட்டினாள். திரை சிவந்தது. செல்லாது. பிறகு ஹார்மின் பில்லில் இருந்த எண்ணைத் தட்டினாள்.

பச்சை. செல்லும். அடியில் மென்னோ வில்டெபூர் என்ற பெயர்.

ஆஃப்கேயின் முகத்தில் ரத்தம் ஏறுவதை இருவரும் பார்த்தார்கள். ஐந்து வருடமாக இருண்டு கிடந்த அறையில் யாரோ விளக்கைப் போட்ட மாதிரி இருந்தது.

"இன்னிக்குச் செல்லுதா? இன்னிக்கா?" என்றார். "அப்படின்னா யாரோ அவர் பேர்ல... அவர்தான்... அவர் எங்கேயோ உட்கார்ந்து இன்னும் வேலை பார்க்கிறார், இல்லியா? நான் ஊதினது அவருக்குக் கேட்டிருக்கு. எனக்குத் தெரியும்."

மாடியில் பிரின்டர் ஒருமுறை முனகி அடங்கியது.

போட்டே மாடிப்பக்கம் பார்த்தான். "பாஸ்," என்றான் மெதுவாக, "நான் வெளியில கார்ல காத்திருக்கட்டுமா?"

"உட்கார்." ரென்ஸ்கே தன் நாற்காலியை ஆஃப்கேயின் பக்கம் இழுத்துப் போட்டாள். இந்த மாதிரிச் செய்தியை மேசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து சொல்லக் கூடாது. "ஆஃப்கே, நான் சொல்றதைக் கேளுங்க. தனியாத் தொழில் பண்றவங்களோட வாட் எண்ணுக்குள்ள அவங்க குடிமக்கள் எண் ஒளிஞ்சிருந்தது. ஊரெல்லாம் பில்லுல அதை அச்சடிச்சுக் கொடுக்கறது ஆபத்துன்னு, எல்லாருக்கும் புதுசா வேற எண் கொடுத்தாங்க. லட்சக்கணக்கான கவர். நானே அந்த வேலையில உட்கார்ந்திருந்தேன். புது எண் செல்ல ஆரம்பிச்சது 2020 ஜனவரி ஒண்ணாம் தேதி."

"அதுக்கென்ன?"

"இந்த பில்லுல தேதியைப் பாருங்க."

ஆஃப்கே பார்த்தார். 2019 மே இருபது.

"மே மாசத்துல இந்த எண் உலகத்துலயே இல்ல," என்றாள் ரென்ஸ்கே. "மென்னோ அதைப் பார்த்ததே கிடையாது. அது பிறக்கிறதுக்கு முன்னாடியே அவர் போயிட்டார். இந்தத் தாளை அச்சடிச்சவங்க அவருக்கு அப்புறம் அச்சடிச்சிருக்காங்க."

முகத்தில் எரிந்த அந்த விளக்கு அணைந்தது. ஆஃப்கே மெல்லத் தலையசைத்தார். அழவில்லை. அழுகைக்கு இன்னும் நேரமிருக்கிறது என்பது போல முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு சந்தேகம் பாஸ்," என்றான் போட்டே. "திருட்டு பில் அடிக்கிறவன் பழைய பில்லைப் பார்த்து அடிக்க வேண்டியதுதானே? ஏன் வேலை மெனக்கெட்டுப் புது எண்ணைப் போட்டான்?"

"அதான் இதுல அழகு. அதை ஹார்ம் வாயாலயே கேக்கணும்." ரென்ஸ்கே திரும்பினாள். "ஆஃப்கே, புது எண் வரி அலுவலகத்தோட நீலக் கவர்ல, இந்த வீட்டு விலாசத்துக்குத்தான் வந்திருக்கும். யார் பிரிச்சாங்க?"

"நீலக் கவரைப் பார்த்தாலே எனக்கு உதறும். வரிக் கணக்குத் தாக்கல் பண்ணலைன்னு ரெண்டு அபராதக் கடிதம் வந்துச்சு. செத்தவருக்கு அபராதம்! ஹார்ம்தான் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போனார். மென்னோவோட கடவுச்சொல் எழுதின நோட்டையும் வாங்கிட்டுப் போனார். பதிவை ரத்து பண்ணிட்டேன், இனிமே வராதுன்னார். வரவும் இல்ல."

"ரத்து பண்ணல. அதான் பச்சையா இருக்கே. மூணு மாசத்துக்கு ஒரு தடவை மென்னோ பேர்ல ஏதோ கொஞ்சம் எழுதித் தாக்கல் பண்ணிட்டிருக்கார்."

"எதுக்கு?"

"எண் செத்தா, யாராவது அது எப்பப் பொறந்ததுன்னு கேப்பாங்க. விசாரணைக் குழுவுல இருக்கிற ஜெர்மன்காரர் தட்டிப் பார்த்திருப்பார். பச்சை வந்திருக்கும். அடுத்த பக்கம் திருப்பியிருப்பார்."

ஆஃப்கே எழுந்தார். கோட்டைப் போட்டுக்கொண்டார். ஆணியிலிருந்து கொம்பை எடுத்தார். பனி நாளில் அதை எடுக்காமல் வெளியே போய் அவருக்குப் பழக்கமில்லை.

"போகலாம். ஹார்ம் வீட்டுலதான் இருப்பார்," என்றார்.

*

மதகுக்குப் பக்கத்தில் இருந்த ஹார்மின் வீடு வரை இரண்டு கிலோமீட்டர். நடந்திருந்தால் சீக்கிரம் போயிருக்கலாம்.

"பாஸ், முன்னாடி தெரியறது ரோடா கால்வாயா?"

"நனைஞ்சா கால்வாய்."

பின்சீட்டில் ஆஃப்கே மடியில் கொம்போடு உட்கார்ந்திருந்தார். போட்டே கண்ணாடியில் இரண்டு முறை அந்தக் கொம்பைப் பார்த்தான். மூன்றாவது முறை ரென்ஸ்கே கவனித்துவிட்டாள். என்ன என்று புருவத்தால் கேட்டாள். அவன் தலையை லேசாக ஆட்டினான். இங்கே வேண்டாம்.

ஹார்ம் கதவைத் திறந்து "மொய்!" என்றார். இந்தக் கரையில் வருகிறவனை வரவேற்கவும் அதே சொல், போகிறவனை வழியனுப்பவும் அதே சொல். அறுபத்து மூன்று வயது. பெரிய கைகள். ஆஃப்கேயின் கூரையில் ஓடு நகர்ந்தால் ஏறுவது அந்தக் கைகள்தான்.

"ஆஃப்கே! இந்தப் பனியில ஏன் கிளம்பின? ஒரு போன் பண்ணா நானே வந்திருப்பேனே."

"இவங்க ரென்ஸ்கே, ஹார்ம். தனியாத் தொழில் பண்றாங்க. ஹாம்பர்க்ல ஒரு கம்பெனிக்கு பில் போடணுமாம். உன்னைவிட யாருக்குத் தெரியும்னு கூட்டிட்டு வந்தேன்."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ரென்ஸ்கே தனியாகத்தான் தொழில் செய்கிறாள். ஹாம்பர்க்கில் அவளுக்கு ஒரு காப்பீட்டுக் கம்பெனி வாடிக்கையும் உண்டு.

காபி வந்தது. டப்பா திறந்தது. ஆளுக்கு ஒன்று. டப்பா மூடியது. போட்டே பெருமூச்சு விட்டான்.

"முதல்ல என்ன செய்யணும்?" என்று கேட்டாள் ரென்ஸ்கே.

ஹார்ம் மடிக்கணினியைத் திறந்தார். கற்றுக்கொடுப்பதில் சந்தோஷம் உள்ள மனிதர். "முதல்ல தேதி, பேர், விலாசம்னு எல்லாரும் ஆரம்பிப்பாங்க. தப்பு. முதல்ல எண். எண்ணைச் சரிபார்க்காம நான் ஒரு தாளையும் அச்சடிச்சதே கிடையாது. இருபது வருஷப் பழக்கம். வாங்குறவன் எண், கொடுக்கிறவன் எண், ரெண்டையும் தட்டிப் பார்த்துடுவேன்."

"கொடுக்கிறவங்க எண்ணையுமா? அது நம்ம எண்தானே?"

"நம்ம எண்ணாவே இருக்கட்டும். பத்து விநாடி வேலை. ஜெர்மன்காரன் பில் கையில கிடைச்சதும் அதைத்தான் முதல்ல தட்டுவான். சிவப்பு வந்துச்சுன்னா மூஞ்சியில விட்டெறிவான்."

"என் எண் இதோ." ரென்ஸ்கே ஒரு சீட்டை நீட்டினாள்.

ஹார்ம் மூக்குக்கண்ணாடியை இறக்கி, ஒவ்வொன்றாகத் தட்டினார். திரை சிவந்தது.

"பார்த்தீங்களா! நல்லவேளை தட்டினோம். மேடம், இது பழைய எண். பி-01-ல முடியுதே. 2020-ல இருந்து இது செல்லாது."

"அடடா. இப்ப நான் என்ன செய்யறது?"

"ஒண்ணும் பதற வேண்டாம். உங்களுக்குப் புது எண் எப்பவோ வந்திருக்கும். நீலக் கவர்ல. வீட்டுல எங்கேயாவது கிடக்கும். அதைத் தேடி எடுத்து, பழசுக்குப் பதிலா அதைப் போட்டு..."

விசைப்பலகை மேல் இருந்த விரல்கள் நின்றன.

"அது மென்னோவோட எண், ஹார்ம்," என்றார் ஆஃப்கே.

வெளியே மதகு சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்படித்தான் நீங்களும் செஞ்சீங்க," என்றாள் ரென்ஸ்கே. "அணை உடைஞ்ச பிறகு, 2020-ல உட்கார்ந்து, மென்னோவோட பழைய பில்லைப் பார்த்து ஒண்ணு தயார் பண்ணீங்க. தேதி போட்டீங்க. பேர் போட்டீங்க. எல்லாம் சரி. அப்புறம் கை பழக்கத்துல எண்ணைத் தட்டினீங்க. சிவப்பு வந்துச்சு. உங்களால அதைத் தாங்க முடியல. நீலக் கவரைப் பிரிச்சு, பச்சையா வர்ற எண்ணைப் போட்டீங்க. கொஞ்சம் சோம்பேறியா இருந்திருந்தா இன்னிக்கு நான் இங்க வந்திருக்க மாட்டேன்."

ஹார்ம் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். நிமிர்ந்தபோது முகம் கலங்கவில்லை.

"சரி. அச்சடிச்சது நான்தான். அவன் அனுப்பின அசல் தொலைஞ்சுபோச்சு. விசாரணைன்னு கேட்டாங்க. திரும்ப ஒண்ணு எடுத்தேன். அதுல எண் மாறிடுச்சு. தப்புதான். ஆனா கணக்கு மென்னோ போட்டது. இல்லைன்னு நிரூபிக்க உங்ககிட்ட என்ன இருக்கு மேடம்? ஒரு எண். அவ்வளவுதானே?"

ஓட்டை சிறியதுதான். ஆனால் அதன் வழியாக இந்த மனிதர் நுழைந்து வெளியே போய்விடுவார். வியாழக்கிழமை அறிக்கை வந்துவிடும். ஆஃப்கேயின் கை கொம்பை இறுகப் பற்றியது.

"ஹார்ம் சார்," என்றான் போட்டே. "எனக்கு இந்த எண் கணக்கெல்லாம் ஏறாது. அது பாஸோட துறை. என்னோடது சேறு."

அவன் குரலில் கேலி இல்லை. ரென்ஸ்கே திரும்பிப் பார்த்தாள்.

"பதினோரு வருஷம் ஆளுங்களைச் சேத்துல நடத்திட்டுப் போனவன் நான். தனியாப் போறவன் கொம்பை எடுக்க மாட்டான். அது வீட்டு ஆணியிலதான் தொங்கும். ரெண்டு பேர் வந்தா மட்டும்தான் கொம்பு வெளிய வரும். ஒருத்தன் நடப்பான், ஒருத்தன் கரையில நிப்பான். கொம்பு நிக்கிறவன் கையில இருக்கும். பனி இறங்கினா அவன் ஊதிக்கிட்டே இருக்கணும். சேத்துல இருக்கிறவனுக்குத் திசையே கிடையாது. அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கரைக்கு வருவான்." போட்டே கொம்பைக் காட்டினான். "இதைக் கரைப் புல்லுல எடுத்தேன்னு சொல்லி நீங்கதான் கொடுத்தீங்களாம். அப்படின்னா அன்னிக்குக் கரையில ஒரு ஆள் நின்னார். யார் சார் அது?"

ஹார்ம் ரென்ஸ்கேயைப் பார்க்கவில்லை. போட்டேயையும் பார்க்கவில்லை. ஆஃப்கேயின் மடியில் இருந்த பித்தளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்கிட்ட அதைக் கொடுத்திருக்கவே கூடாது," என்றார் கடைசியில். "வீட்டுல வெச்சிருக்க முடியல. தூக்கிப் போடவும் முடியல. உன்கிட்ட கொடுத்தா நிம்மதின்னு நெனச்சேன். நீ என்ன பண்ணின? ஒவ்வொரு பனிக்கும் ஊதின. அஞ்சு வருஷமா ஊதின. காதைப் பொத்திக்கிட்டு இந்த நாற்காலியில உட்கார்ந்திருப்பேன், ஆஃப்கே."

"அன்னிக்கு எதுக்குப் போனார்?" ஆஃப்கேயின் குரல் தட்டையாக இருந்தது.

"என் கணக்கைப் பார்த்துட்டான். மண்ணோட பலத்தைக் கூட்டிப் போட்டிருக்கேன்னான். தீவு அணைக்கு அடியில இருக்கிற அதே களிமண் நம்ம சேத்துலயும் இருக்கு, வா, அளந்து காட்டறேன்னான். காட்டியிருந்தா நான் அணை கட்டறவங்ககிட்ட போய் எல்லாத்தையும் திரும்பப் போடறேன்னு சொல்லியிருக்கணும். வேலை முடிஞ்சு கையெழுத்தாகி... என் பேர் போயிருக்கும்." அவர் உதட்டை நனைத்துக்கொண்டார். "பனி இறங்குச்சு. சுவர் மாதிரி. அவன் கூப்பிட்டான்."

"கூப்பிட்டாரா?"

"ரெண்டு தடவை. மூணாவது தடவை தூரத்துல."

"கொம்பு எங்க இருந்துச்சு ஹார்ம்?"

"கையில."

"ஊதினியா?"

ஹார்ம் தன் பெரிய கைகளை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"என்னன்னு கூப்பிட்டார்?" என்று கேட்டார் ஆஃப்கே.

"என் பேரைச் சொல்லி. 'ஹார்ம், ஊது, வர்றேன்'னு."

ஆஃப்கே கண்ணை மூடினார். அந்தக் கடைசிச் சொல்லை அவர் உதடுகள் சத்தமில்லாமல் ஒருமுறை சொல்லிப் பார்த்தன. வர்றேன். அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஐந்து வருடம் கழித்து, மென்னோவைக் கொன்றவனின் வாய் வழியாக வந்து சேர்ந்தது.

எழுந்து நின்றார். கொம்பை மேசை மேல், காபிக் கோப்பைகளுக்கு நடுவில் வைத்தார்.

"இது இனிமே உன்னோடது," என்றார்.

*

ரென்ஸ்கே வாசலில் நின்று போலீசுக்கு ஃபோன் செய்தாள். இந்தப் பனியில் அரைமணி நேரம் ஆகும் என்றார்கள். மூவரும் கேட்டுக்கு எதிரில் காரில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். வீட்டின் ஜன்னலில் விளக்கு மங்கலாகத் தெரிந்தது. அதில் ஹார்மின் உருவம் உட்கார்ந்தபடியே இருந்தது.

போட்டே வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எதிரே பார்த்தான். ரென்ஸ்கே அவன் ஏதாவது கேலி பேசுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கைக்குட்டையை எடுத்துப் பின்சீட்டுக்கு நீட்டினான்.

"ரென்ஸ்கே," என்றார் ஆஃப்கே. "அந்தப் பச்சை எண்ணை நிஜமாவே ரத்து பண்ண என்ன செய்யணும்?"

"ஒரு படிவம் இருக்கு. ஒரே பக்கம். அவசரமில்ல ஆஃப்கே."

அப்போது சத்தம் கேட்டது.

வீட்டுக்குள்ளிருந்து. கொம்பு. ஊதிப் பழக்கமில்லாத மூச்சு, பாதியில் உடைந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஒருமுறை, இந்தத் தடவை நீளமாக. சத்தம் அணைக்கரையைத் தாண்டி, ஒன்றும் தெரியாத அந்த வெள்ளைக்குள் போனது. அங்கே அதைப் பிடித்துக்கொண்டு வருவதற்கு யாரும் இல்லை.

ஆஃப்கே ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. கைக்குட்டையை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"போலீஸ் வந்ததும் என்னை வீட்டுல விட்டுடுங்க தம்பி," என்றார் போட்டேயிடம். "அவர் பிரின்டர்ல அந்த ஒரு பக்கப் படிவத்தை அச்சடிக்கணும். அப்புறம் அதை அணைச்சிடறேன்."